ஆந்தனி ஹாப்கின்ஸ் படங்களையும் தொடர்களையும் எங்கே, எப்படிப் பார்ப்பது: முழுமையான வழிகாட்டி

ஏதாவது ஓர் ஓடிடி தளத்தைத் திறந்து, தேடும் இடத்தில் ஆந்தனி ஹாப்கின்ஸ் பெயரைத் தட்டிப் பாருங்கள். நாலைந்து படங்கள் வரும். அதற்குக் கீழே, இவற்றையும் நீங்கள் விரும்பலாம் என்று அவருக்குத் தொடர்பே இல்லாத திகில் படங்களை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அறுபதுகளில் மேடையிலிருந்து திரைக்கு வந்து, எண்பத்தைந்து வயதைக் கடந்த பிறகும் ஓயாமல் நடித்துக்கொண்டிருப்பவர் அவர். அவரது படங்களைத் தேடி வருகிறவருக்கு இந்த நாலைந்து எப்படிப் போதும்?

மற்றவை எல்லாம் இருக்கின்றன, ஆனால் சிதறிக் கிடக்கின்றன. ஓடிடி தளம் நடிகரோடு ஒப்பந்தம் போடுவதில்லை. படத்தின் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்களோடு போடுகிறது. அந்த ஒப்பந்தமும் நாட்டுக்கு நாடு மாறும், சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ முடிந்துவிடும். எனவே இன்ன படம் இன்ன தளத்தில் என்று பட்டியல் போட்டால் ஓரிரு மாதங்களில் அது பழசாகிவிடும். எந்தப் படம் யாருடைய சொத்து என்று தெரிந்துகொண்டால், எங்கே முதலில் தேட வேண்டும் என்பதை நாமே ஊகிக்கலாம். இந்த வழிகாட்டி அந்த வழியில்தான் போகிறது.

முதலில் ஆளைப் பற்றி நாலு வரி

1937 டிசம்பர் 31 அன்று வேல்ஸ் நாட்டின் போர்ட் டால்பட் நகரை ஒட்டிய மார்கமில் பிறந்தவர். அப்பா ரொட்டிக் கடைக்காரர். கார்டிஃபிலும் லண்டனிலும் நடிப்புப் படித்தார். 1965இல் லாரன்ஸ் ஒலிவியே அவரைத் தேசிய நாடக அரங்கில் சேர்த்துக்கொண்டார். 1968இல் ‘தி லயன் இன் வின்டர்’ படத்தில் பீட்டர் ஓ டூலுக்கும் கேத்தரின் ஹெப்பர்னுக்கும் மகனாக, இளவரசர் ரிச்சர்டாக நடித்தார். சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருது இரண்டு முறை: 1992இல் ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ படத்துக்கு, 2021இல் ‘தி ஃபாதர்’ படத்துக்கு. இரண்டாவதைப் பெற்றபோது அவருக்கு வயது 83. அந்தப் பிரிவில் அவ்வளவு வயதில் அதற்கு முன் யாரும் வென்றதில்லை.

படி 1: எந்த ஹாப்கின்ஸைப் பார்க்கப் போகிறீர்கள்?

பெரும்பாலானவர்கள் ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ படத்தின் கொலைகாரன் ஹானிபல் லெக்டரில் தொடங்குகிறார்கள். என் யோசனை, அங்கே தொடங்காதீர்கள். அந்தப் படம் நன்றாக இருப்பதுதான் சிக்கல். ஏறத்தாழ இரண்டு மணி நேரப் படத்தில் லெக்டர் திரையில் வருவது அரை மணி நேரம்கூட இல்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டால், பிறகு அவர் எந்தப் படத்தில் அமைதியாக நின்றாலும் அந்த அமைதிக்குப் பின்னால் ஒரு கொலைகாரனைத் தேடத் தொடங்கிவிடுவோம்.

‘தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே’ (1993) படத்தில் தொடங்குங்கள். கஸுவோ இஷிகுரோவின் நாவலைத் தழுவிய படம். ஓர் ஆங்கிலப் பிரபுவின் மாளிகையில் தலைமைப் பணியாள் ஸ்டீவன்ஸ். அப்பா மேல்மாடியில் இறந்துகிடக்க, கீழே விருந்தினருக்குப் பரிமாறிக்கொண்டிருப்பவர். கையில் என்ன புத்தகம் என்று, மாளிகையின் பணிப்பெண்களுக்குத் தலைவியாக வரும் எம்மா தாம்சன் கேட்டு அவரை நெருங்கும் காட்சி ஒன்று உண்டு. அதில் அவர் கிட்டத்தட்ட எதுவுமே செய்வதில்லை. முகத்தில் எதுவும் நகராமல் உள்ளே எல்லாம் இடிந்து விழுவதை இவ்வளவு தெளிவாகக் காட்டியவர்கள் குறைவு.

அடுத்து ‘தி ஃபாதர்’ (2020). நினைவு தப்பிப்போகும் முதியவரின் கதையை அவர் தலைக்குள்ளிருந்து சொல்லும் படம். வீடும் ஆட்களும் நம் கண்ணெதிரிலேயே மாறிக்கொண்டிருப்பார்கள். இயக்குநர் ஃப்ளோரியான் செல்லர் தன் பிரெஞ்சு நாடகத்தைப் படமாக்கியபோது கதாபாத்திரத்துக்கு ஆந்தனி என்றே பெயர் வைத்தார். பிறந்த தேதியைக் கேட்கும்போது அந்தக் கதாபாத்திரம் சொல்வதும் ஹாப்கின்ஸ் பிறந்த தேதியைத்தான். வீட்டில் வயதான பெற்றோர் இருப்பவர்கள் இதை இரவு தூங்கப்போகும் முன் பார்க்க வேண்டாம்.

மூன்றாவதாக லெக்டரிடம் போகலாம். அதன்பின் உங்கள் ரசனை. பிரிட்டிஷ் நாவல் தழுவல்கள் பிடித்தால் ‘ஹவர்ட்ஸ் எண்ட்’ (1992). இதமான ஒன்று வேண்டுமானால் பழைய புத்தகக் கடைக்காரராக வரும் ‘84 சேரிங் கிராஸ் ரோடு’ (1987). கறுப்பு வெள்ளை பிடிக்கும் என்றால் டேவிட் லிஞ்சின் ‘தி எலிஃபண்ட் மேன்’ (1980). பிள்ளைகளோடு உட்காரும் வார இறுதி என்றால் ‘தி மாஸ்க் ஆஃப் ஜோரோ’ (1998).

படி 2: படம் யாருடைய சொத்து என்று பாருங்கள்

வழிகாட்டியின் உயிர்நாடி இந்தப் படிதான். கொஞ்சம் நின்று படியுங்கள்.

தளமே தயாரித்த அல்லது தன் பெயரில் வெளியிட்ட படங்கள் மிக எளிது; அவை அநேகமாக அங்கேயே இருக்கும். ஹாப்கின்ஸ் போப் பெனடிக்டாகவும் ஜானதன் பிரைஸ் அடுத்த போப்பாகவும் வரும் ‘தி டூ போப்ஸ்’ (2019) நெட்ஃபிளிக்ஸ் படம். இரண்டு போப்புகளாக நடித்தவர்களும் வேல்ஸ்காரர்கள். ஏரோது மன்னனாக அவர் நடித்த ‘மேரி’ (2024) நெட்ஃபிளிக்ஸில்தான் வெளியானது. ‘ரெபல் மூன்’ படங்களில் ஜிம்மி என்ற ரோபோவுக்குக் குரல் மட்டும் கொடுத்திருக்கிறார். அவையும் நெட்ஃபிளிக்ஸ் படங்களே. ‘தி டூ போப்ஸ்’ பார்த்தால் போதும், மற்றவற்றை அவசரமில்லாமல் பார்க்கலாம்.

டிஸ்னியிடம் இருப்பவையும் அதிகம் இடம் மாறுவதில்லை. ஓடினாக அவர் வரும் மூன்று ‘தோர்’ படங்கள் (2011, 2013, 2017) மார்வெலுடையவை, எனவே டிஸ்னி ப்ளஸில் தேட வேண்டும். இந்தியாவில் டிஸ்னி ப்ளஸ் ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் 2025 பிப்ரவரியில் இணைந்து ஜியோஹாட்ஸ்டார் ஆகிவிட்டதால் அங்கே பாருங்கள். இயக்குநர் ஹிட்ச்காக்காகவே அவர் நடித்த ‘ஹிட்ச்காக்’ (2012) ஃபாக்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவு வெளியிட்டது. ஃபாக்ஸின் திரைப்படச் சொத்து 2019இல் டிஸ்னிக்குப் போனதால் அதற்கும் இந்த வாசலைத்தான் முதலில் தட்ட வேண்டும்.

இனி சிக்கலான பகுதி. ஒரே நடிகர், ஒரே கதாபாத்திரம், மூன்று படங்கள். ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ (1991) ஓரியன் நிறுவனத்தின் படம். படம் ஓடி முடிந்த அதே ஆண்டு டிசம்பரில் ஓரியன் திவாலானது. மூன்று மாதம் கழித்து படம் ஐந்து பெரிய ஆஸ்கர்களையும் அள்ளியது. பிறகு ஓரியனை எம்.ஜி.எம். வாங்கியது, 2022இல் எம்.ஜி.எம்மை அமேசான் வாங்கியது. அடுத்த படமான ‘ஹானிபல்’ (2001) அமெரிக்காவில் எம்.ஜி.எம். வழியாகவும் வெளிநாடுகளில் யுனிவர்சல் வழியாகவும் வெளியானது. மூன்றாவதான ‘ரெட் டிராகன்’ (2002) யுனிவர்சலுடையது. மூன்றையும் ஒரே தளத்தில் வரிசையாகப் பார்க்க முடியாமல் போவது இதனால்தான். முதல் படத்துக்குப் பிரைம் வீடியோவில் தொடங்குங்கள். சொந்தக்காரர் அமேசான் என்பதற்காக எல்லா நாட்டிலும் அங்கே கட்டாயம் இருக்கும் என்றும் எண்ணிவிட வேண்டாம். கைமாறும் முன்பே வேறு தளங்களோடு போட்ட ஒப்பந்தங்கள் தம் காலம் முடியும்வரை ஓடிக்கொண்டிருக்கும்.

இதே கதைதான் மெர்ச்சண்ட்-ஐவரி படங்களுக்கும். பம்பாயில் பிறந்த தயாரிப்பாளர் இஸ்மாயில் மெர்ச்சண்ட், இயக்குநர் ஜேம்ஸ் ஐவரி, பல ஆண்டுகள் டெல்லியில் வாழ்ந்த திரைக்கதையாசிரியர் ரூத் பிராவர் ஜாப்வாலா. இந்த மூவர் கூட்டணி ஹாப்கின்ஸையும் எம்மா தாம்சனையும் வைத்து அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு படங்கள் எடுத்தது. ‘ஹவர்ட்ஸ் எண்ட்’ இன்று கோஹன் மீடியா குழுமத்திடம் இருக்கிறது. 2015இல் மெர்ச்சண்ட்-ஐவரியின் படத் தொகுப்பை வாங்கியவர்கள் அவர்கள். ‘தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே’ கொலம்பியா நிறுவனம் எடுத்தது, எனவே சோனியிடம். ஒன்று கலைப்படத் தளங்களில் தலைகாட்டும், மற்றொன்று பொதுத் தளங்களில் வந்து போகும்.

சோனியைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ஹாப்கின்ஸின் தொண்ணூறுகளில் பாதி அவர்களிடம்தான் இருக்கிறது: ‘பிராம் ஸ்டோக்கர்ஸ் டிராகுலா’ (1992), ‘லெஜண்ட்ஸ் ஆஃப் தி ஃபால்’ (1994), ‘தி மாஸ்க் ஆஃப் ஜோரோ’, அதற்கு முந்தைய ‘84 சேரிங் கிராஸ் ரோடு’. டிஸ்னியைப் போல எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொள்ளும் உலகளாவிய தளம் சோனிக்குக் கிடையாது. கேட்கிறவர்களுக்குக் கொடுத்து வாங்கிக்கொள்கிறது. இந்தப் படங்கள் நாடோடிகள். சந்தாத் தளங்களில் துரத்திக்கொண்டிருப்பதைவிட வாடகைக்கு எடுப்பது நிம்மதி.

பாரமவுண்ட் கணக்கில் ஸ்பீல்பெர்க்கின் ‘அமிஸ்டாட்’ (1997), ‘நோவா’ (2014), ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ வரிசையின் ஐந்தாம் படம் (2017). முதலாவது மட்டும் தேடத் தகுந்தது. முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸாக நீதிமன்றத்தில் அவர் பேசும் நீண்ட உரைக்காகவே பார்க்கலாம். ‘மீட் ஜோ பிளாக்’ (1998) யுனிவர்சல். ‘தி எலிஃபண்ட் மேன்’, ‘தி லயன் இன் வின்டர்’ இரண்டும் ஐரோப்பாவில் ஸ்டூடியோகெனால் நிறுவனத்தின் கையில் இருப்பதால், கலைப்படங்களுக்கென்று இருக்கும் முபி போன்ற தளங்களிலும் கண் வையுங்கள்.

‘காந்தி’ எடுத்த ரிச்சர்ட் அட்டன்பரோ ஹாப்கின்ஸை ஐந்து படங்களில் நடிக்க வைத்தார்: ‘யங் வின்ஸ்டன்’, ‘எ பிரிட்ஜ் டூ ஃபார்’, ‘மேஜிக்’, ‘சாப்ளின்’, ‘ஷேடோலேண்ட்ஸ்’. முதலாவது கொலம்பியா, இரண்டாவது யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ், மற்றவை வேறு வேறு கைகள். ஓர் இயக்குநரைப் பின்தொடர்ந்து போகிறவருக்கும் இதே அலைச்சல்தான்.

படி 3: ஜஸ்ட்வாட்ச்சைச் சரியாகப் பயன்படுத்துங்கள்

உரிமையாளரை வைத்து ஊகித்தாகிவிட்டது. இனி சரிபார்க்க வேண்டும். ஜஸ்ட்வாட்ச் என்ற இலவச இணையதளமும் செயலியும் இதற்கென்றே இருக்கின்றன. அதைத் திறந்தவுடன் முதல் வேலை, நாட்டைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது. கனடாவில் இருக்கும் அண்ணன் அனுப்பிய இணைப்பைச் சென்னையில் திறந்தால் கனடாவின் பட்டியல்தான் தெரியும். தளத்தில் படம் இல்லையே என்று பிறகு குழம்புவோம்.

அடுத்து, நடிகர் பெயரைத் தேடி அவரது பக்கத்துக்குப் போங்கள். அங்கே நீங்கள் ஏற்கெனவே சந்தா கட்டும் தளங்களை மட்டும் தேர்ந்தெடுத்து வடிகட்டுங்கள். அதில் வருவதுதான் இன்றே கூடுதல் செலவில்லாமல் பார்க்கக்கூடிய பட்டியல். பிறகு வடிகட்டியை எடுத்துவிட்டு, வாடகை, விலைக்கு, விளம்பரத்துடன் இலவசம் என்று பிரித்துப் பாருங்கள். எங்குமே இல்லாத படத்தை விருப்பப் பட்டியலில் சேர்த்து வையுங்கள். ஏதாவது தளத்துக்கு வரும்போது அறிவிப்பு வரும்.

ஜஸ்ட்வாட்ச் சொல்வதும் சில நாட்கள் பின்தங்கியிருக்கலாம். பணம் கட்டும் முன் அந்தத் தளத்திலேயே படத்தின் பெயரைத் தேடி, ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். தேடும்போது ஆங்கில எழுத்தில் தட்டுவதே பாதுகாப்பு. தமிழ் எழுத்தில் ஒரே பெயரை நாலு விதமாக எழுதுகிறோம், தளங்களின் தேடல் அதற்கு ஈடுகொடுப்பதில்லை.

படி 4: பெயர்க் குழப்பங்களைத் தாண்டுங்கள்

படத்தின் பெயரை மட்டும் நம்பக் கூடாது, ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள். ‘வார் அண்ட் பீஸ்’ என்று தேடினால் 1956இன் ஹாலிவுட் படம், அறுபதுகளின் சோவியத் படம், 2016இன் பிபிசி தொடர் எல்லாம் முன்னால் வந்து நிற்கும். ஹாப்கின்ஸ் நடித்தது 1972இன் பிபிசி தொடர். ‘தி டிரெஸ்ஸர்’ 1983இலும் வந்தது, அதில் ஆல்பர்ட் ஃபின்னியும் டாம் கோர்ட்னியும். ஹாப்கின்ஸ் நடித்தது 2015இல். ‘ஷேடோலேண்ட்ஸ்’ 1985இல் பிபிசி தொலைக்காட்சிப் படமாக வந்தபோது எழுத்தாளர் லூயிஸாக நடித்தவர் ஜாஸ் ஆக்லாண்ட்; ஹாப்கின்ஸ் நடித்தது 1993இல். ‘ஹானிபல்’ என்ற பெயரில் பிற்காலத்தில் ஒரு தொலைக்காட்சித் தொடரும் உண்டு. நல்ல தொடர், ஆனால் அதில் லெக்டர் மாட்ஸ் மிக்கெல்சன். 1986இன் ‘மேன்ஹன்டர்’ படத்தில் அந்தப் பாத்திரம் பிரையன் காக்ஸுடையது.

ஆளின் பெயரிலும் குழப்பம் உண்டு. ஆங்கில எழுத்தில் ஓர் எழுத்து குறைவாக அதே பெயர் கொண்ட பிரிட்டிஷ் இசையமைப்பாளர் ஒருவர் இருந்தார், 2014இல் காலமானார். பழைய பிரிட்டிஷ் படம் ஒன்றின் இசைப் பட்டியலில் இந்தப் பெயரைப் பார்த்தால் நம் ஆள் என்று எண்ணிவிட வேண்டாம். நம்மவரும் இசை எழுதுகிறவர் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. இளவயதில் அவர் எழுதிய வால்ட்ஸ் ஒன்றை 2011இல் வயலின் கலைஞர் ஆந்த்ரே ரியூவின் இசைக்குழு வாசித்தது. ஹாப்கின்ஸ் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்கும் காணொளி யூடியூபில் இலவசமாகவே இருக்கிறது.

நீளத்தையும் ஒரு கண் பாருங்கள். ஆலிவர் ஸ்டோனின் ‘நிக்சன்’ (1995) திரையரங்கில் 192 நிமிடம் ஓடியது. இயக்குநரின் பதிப்பு அதைவிடச் சுமார் இருபது நிமிடம் நீளம். எது கிடைக்கிறது என்று தளத்தில் எழுதியிருக்கும் நிமிடக் கணக்கே சொல்லிவிடும். முதல்முறை பார்க்கிறவருக்குச் சிறியதே போதும். மூன்று மணி நேரத்துக்கு மேல் நிக்சனைத் தாங்கத் தனித் தெம்பு வேண்டும்.

படி 5: சந்தாவா வாடகையா?

கணக்கு எளிது. ஒரு தளத்தில் நீங்கள் பார்க்க விரும்புவது ஒன்றிரண்டு என்றால் வாடகை. மூன்றுக்கு மேல் என்றால் ஒரு மாதச் சந்தா. எல்லாத் தளங்களையும் ஒரே நேரத்தில் வைத்திருக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. இந்த மாதம் நெட்ஃபிளிக்ஸ், அடுத்த மாதம் வேறொன்று என்று மாற்றிக்கொண்டே போகலாம். சந்தா எடுத்த அன்றே தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். கட்டிய மாதம் முடியும்வரை பெரும்பாலான தளங்கள் படம் காட்டும்.

வாடகைக்கு ஆப்பிள் டிவி, யூடியூப், பிரைம் வீடியோவின் வாடகைப் பகுதி ஆகியவை வழி. பிரைமில் வாடகைக்கு எடுக்கப் பிரைம் சந்தா கட்டாயமில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பொதுவான விதி: பணம் கட்டியபின் பார்க்கத் தொடங்க 30 நாள் அவகாசம், தொடங்கினால் 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஞாயிறு இரவு பத்து மணிக்கு ‘நிக்சன்’ படத்தைத் தொடங்காதீர்கள். ஒரே படம் ஒரு கடையில் சாதாரணத் தரத்திலும் மற்றொன்றில் 4கே தரத்திலும் கிடைக்கக்கூடும், எனவே விலையை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வழி. உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் உறுப்பினர் என்றால் கனோபி என்ற தளம் இலவசமாகக் கிடைக்குமா என்று நூலகத்தில் விசாரியுங்கள். விளம்பரம் போகட்டும் என்று பொறுத்துக்கொள்பவர்களுக்கு டூபி போன்ற இலவசத் தளங்களும் அங்கே உண்டு.

விபிஎன் போட்டு வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டிப் பார்ப்பது பெரும்பாலும் தளங்களின் விதிகளுக்கு முரண். பாதி நேரம் வேலையும் செய்யாது. டெலிகிராமில் வரும் இணைப்புகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கொஞ்ச நேரமே திரையில் வந்து ஆஸ்கர் வாங்கியவரின் முகத்தை, சூதாட்ட விளம்பரம் ஓடும் மங்கலான பிரதியில் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

படி 6: தொலைக்காட்சிப் பணிகள்

தேடுவதற்குக் கடினமானதும் தேடலுக்குப் பலன் தருவதும் இந்தப் பகுதிதான். சினிமா நட்சத்திரமாகும் முன் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில்தான் அவர் வளர்ந்தார்.

பிபிசியின் ‘வார் அண்ட் பீஸ்’ (1972) இருபது அத்தியாயங்கள் கொண்டது. ஹாப்கின்ஸ் அதில் பியர். தடித்த கண்ணாடியும் தடுமாற்றமுமாக, பணம் வந்தபின் என்ன செய்வதென்று தெரியாத இளைஞன். பிரிட்டிஷ் அகாடமியின் தொலைக்காட்சி விருதை வாங்கிக் கொடுத்த வேடம். போர்க் காட்சிகளை யூகோஸ்லாவியாவில் படமாக்கினார்கள். வீட்டுக் காட்சிகள் ஸ்டூடியோவில் வீடியோவில் எடுக்கப்பட்டவை. இன்றைய கண்ணுக்கு அந்த வீட்டுக் காட்சிகள் நாடக மேடை போலத் தோன்றும். முதல் இரண்டு அத்தியாயங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள். 2016இன் ஆறு அத்தியாயத் தொடர் அழகாக இருக்கிறது, ஆனால் இதில்தான் டால்ஸ்டாயின் மனிதர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது.

இப்படிப்பட்ட பழைய பிபிசி தொடர்களுக்கு மூன்று வாசல்கள். பிரிட்டனில் இருந்தால் பிபிசி ஐபிளேயர். அதற்குத் தொலைக்காட்சி உரிமம் கட்டியிருக்க வேண்டும், நாட்டுக்கு வெளியே திறக்காது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் பிரிட்பாக்ஸ். பிரிட்டனிலேயே அது 2024இல் தனித் தளமாக மூடப்பட்டு, ஐடிவி நிறுவனத்தின் ஓடிடி தளமான ஐடிவிஎக்ஸோடு கலந்துவிட்டது. மூன்றாவது வாசல் டிவிடி. ‘வார் அண்ட் பீஸ்’ டிவிடியாக வந்திருக்கிறது. பழைய டிவிடி வாங்குவதென்றால் மண்டலக் குறியீட்டைப் பாருங்கள்: பிரிட்டன் மண்டலம் 2, இந்தியா மண்டலம் 5. எல்லா மண்டலங்களையும் படிக்கும் பிளேயர் இல்லாவிட்டால் தட்டு வந்தும் படம் ஓடாது.

1981இல் ஜானதன் மில்லர் இயக்கிய பிபிசி ‘ஒத்தெல்லோ’ இன்று பார்க்கச் சங்கடமானது. வெள்ளையர் ஒருவர் ஒத்தெல்லோவாக நடிப்பதை அன்றே விமர்சித்தார்கள். இயாகோவாக பாப் ஹாஸ்கின்ஸ் அதில் சிரித்துக்கொண்டே செய்யும் அட்டூழியத்துக்காக ஷேக்ஸ்பியர் படிப்பவர்கள் பார்க்கலாம். பிபிசி 1978 முதல் 1985 வரை எடுத்த 37 நாடகங்களின் வரிசையில் ஒன்று என்பதால், கல்லூரி நூலகங்களில் கேட்டுப் பார்ப்பது வீணாகாது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவருக்கு எம்மி விருது வாங்கிக் கொடுத்த இரண்டு படங்கள், ‘தி லிண்ட்பர்க் கிட்நாப்பிங் கேஸ்’ (1976), ஹிட்லராக நடித்த ‘தி பங்கர்’ (1981). இவற்றை ஜஸ்ட்வாட்ச் விருப்பப் பட்டியலில் போட்டுவிட்டுக் காத்திருங்கள்.

புதிய தொலைக்காட்சிப் பணிகளில் ஒரு ஜோடியைச் சேர்த்துப் பார்க்கும்படி சொல்வேன். 2015இன் ‘தி டிரெஸ்ஸர்’ இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் குண்டுவீச்சுக்கு நடுவே ஊர் ஊராக ஷேக்ஸ்பியர் போடும் ஒரு நாடகக் குழுவைப் பற்றியது. ஹாப்கின்ஸ் அதில் தளர்ந்துபோன முதன்மை நடிகர்; அன்றிரவு அவர் லியர் மன்னனாக மேடையேற வேண்டும். அவருக்கு உடை மாட்டி, திட்டி, தேற்றி, மேடைக்குத் தள்ளிவிடும் உதவியாளர் இயன் மெக்கெல்லன். மூன்றாண்டு கழித்து அதே இயக்குநர் ரிச்சர்ட் அயர், அதே ஹாப்கின்ஸ், இம்முறை நிஜமாகவே ‘கிங் லியர்’ (2018). இன்றைய ராணுவ லண்டனில் நடக்கும் லியர். மகள்களாக எம்மா தாம்சன், எமிலி வாட்சன், ஃப்ளோரன்ஸ் பியூ. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதலாவது பிபிசி படம், அமெரிக்காவில் ஸ்டார்ஸ் (Starz) தொலைக்காட்சி காட்டியது. இரண்டாவது பிபிசியும் அமேசானும் சேர்ந்தது, ஆகவே பிரிட்டனுக்கு வெளியே பிரைம் வீடியோவில் தொடங்குங்கள்.

‘வெஸ்ட்வேர்ல்டு’ தொடரின் கதை ஒரு பாடம். அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் எச்பிஓவின் சொந்தத் தயாரிப்பு, 2016இல் தொடங்கி நான்கு பருவங்கள் ஓடியது. அப்படிப்பட்டதையே 2022 டிசம்பரில் எச்பிஓ மேக்ஸ் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டு, அமெரிக்காவில் விளம்பரத்துடன் ஓடும் இலவசத் தளங்களுக்குக் கொடுத்தது. சொந்த வீட்டுப் படமும் வெளியேறலாம் என்பதற்கு இதுவே சாட்சி. இந்தியாவிலும் எச்பிஓ படைப்புகள் 2023இல் ஹாட்ஸ்டாரிலிருந்து ஜியோசினிமாவுக்குப் போய், இணைப்புக்குப் பின் ஜியோஹாட்ஸ்டாருக்கே திரும்பிவிட்டன. தேடிக் கிடைத்தால் பத்து அத்தியாயம் கொண்ட முதல் பருவத்தை மட்டும் பாருங்கள். ஹாப்கின்ஸ் முழுமையாக இருப்பது அதில்தான். அடுத்த பருவத்தில் தலைகாட்டுவதோடு சரி. ரோமப் பேரரசர் வெஸ்பேசியனாக வரும் ‘தோஸ் அபவுட் டு டை’ (2024) அமெரிக்காவில் பீகாக், வேறு பல நாடுகளில் பிரைம் வீடியோ. அதை அவருக்காக மட்டும் பார்க்கலாம்.

படி 7: படத்தைப் போடும் முன்

ஹாப்கின்ஸின் பாதி நடிப்பு குரலில் இருக்கிறது. மார்வெல் படங்களுக்குத் தமிழ் டப்பிங் உண்டு. பிள்ளைகளோடு ‘தோர்’ பார்க்க அது சரி. மற்றவற்றை மூல ஒலியிலேயே வைத்து, ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். அவர் தாழ்ந்த குரலில் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்குகிறவர். ‘தி டூ போப்ஸ்’ படத்தில் சப்டைட்டில் கட்டாயம். ஸ்பானிஷ், இத்தாலி, லத்தீன் என்று மாறி மாறிப் பேசுவார்கள். அமைப்பில் அதை மொத்தமாக அணைத்து வைத்திருந்தால் முக்கால்வாசி நகைச்சுவை போய்விடும்.

தொலைக்காட்சிப் பெட்டியில் அசைவை வழவழப்பாக்கும் வசதி ஏதாவது இயங்கினால் நிறுத்திவிடுங்கள். ‘தி எலிஃபண்ட் மேன்’ போன்ற கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் திரையின் வெளிச்சத்தைக் கூட்டுவதைவிட அறை விளக்கை அணைப்பது நல்லது.

எல்லாம் பார்த்து முடித்தவர்களுக்கு

பட்டியலில் பெயர் வராத துணுக்குகளும் இருக்கின்றன. ‘மிஷன்: இம்பாஸிபிள் 2’ (2000) படத்தில் டாம் குரூஸுக்கு வேலையை ஒப்படைக்கும் மேலதிகாரி ஹாப்கின்ஸ்தான், ஆனால் நடிகர் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. அதே ஆண்டின் ‘ஹவ் தி கிரிஞ்ச் ஸ்டோல் கிறிஸ்மஸ்’ படத்தில் கதை சொல்லும் குரல் அவருடையது. இந்த இரண்டையும் நடிகர் பெயரில் தேடினால் சில தளங்களில் வராது, படத்தின் பெயரில்தான் தேட வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்த துணுக்கு ‘ஸ்பார்ட்டகஸ்’ (1960). அதில் ஹாப்கின்ஸ் நடிக்கவே இல்லை. லாரன்ஸ் ஒலிவியேவும் டோனி கர்ட்டிஸும் குளியலறையில் பேசும் காட்சியைத் தணிக்கை காரணமாக வெட்டியிருந்தார்கள். 1991இல் படத்தைப் புதுப்பித்தபோது அந்தக் காட்சியின் படச்சுருள் கிடைத்தது, ஒலி கிடைக்கவில்லை. ஒலிவியே 1989இலேயே இறந்துவிட்டார். தேசிய நாடக அரங்கில் அவருக்கு மாற்று நடிகராக இருந்த ஹாப்கின்ஸை அழைத்து ஒலிவியேவின் குரலில் பேச வைத்தார்கள். யுனிவர்சல் படம்; வாடகைக் கடைகளில் தேடுங்கள். நீளம் 197 நிமிடத்தை ஒட்டி இருந்தால் புதுப்பித்த பதிப்பு, அந்தக் காட்சி அதில் இருக்கும். மூன்று மணி நேரத்துக்குக் கணிசமாகக் குறைந்தால் வெட்டிய பழைய பதிப்பாகத்தான் இருக்க வேண்டும், அதற்குப் பணம் கட்டாதீர்கள்.